தாலியையும் எழுதணுமா? லண்டன் போய்த் திரும்பிய 24 பவுன்: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் குடும்பத்தில் யாராவது வெளிநாடு கிளம்பினால் விசா, டிக்கெட்டுக்கு அடுத்தபடியாக எனக்கு ஒரு போன் வரும். "நகையை எடுத்துட்டுப் போலாமா, லாக்கர்லயே வச்சுட்டுப் போகட்டுமா?" நான் வக்கீலும் இல்லை, நகைக்கடைக்காரனும் இல்லை. 2019-ல் பெரியம்மாவோடு சென்னை விமான நிலையத்தின் சுங்க மேசை முன்னால் இரண்டு முறை நின்றவன், அவ்வளவுதான். போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது மூன்று மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் தெரிந்துகொண்டதைத்தான் கேட்பவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை முழுசாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பெரியம்மா கும்பகோணம். மகள், அதாவது எனக்கு அக்கா, லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறாள். அக்கா மகளுக்குக் கல்யாணம், ஆகஸ்ட் கடைசி வாரக்கடைசியில். பேத்தி கல்யாணத்துக்குப் பாட்டி மொட்டைக் கழுத்தோடு போய் நிற்க முடியுமா? லாக்கரில் இருந்த நாற்பது பவுன் சொச்சத்தையும் எடுத்துப் போவது என்றுதான் முதலில் முடிவாகியிருந்தது. பெரியப்பா வாயைத் திறக்கவில்லை. நான்தான் ஒட்டியாணத்தையும் காசுமாலையையும் லாக்கருக்குத் திருப்பி அனுப்ப வைத்தேன். அதற்கே பெரியம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடைசியில் கிளம்பியது 24 பவுன். கழுத்தில் இருந்த தாலிக்கொடி 7, ஆரம் 5, நெக்லஸ் 3, வளையல் ஆறும் சேர்த்து 6, ஜிமிக்கியும் தோடும் ஒன்றரை, ஒரு செயின், ஒரு மோதிரம். பவுன் எட்டு கிராம் என்றால் 192 கிராம். அந்த மாதம் சென்னையில் பவுன் 28,000 ரூபாயை ஒட்டி இருந்தது. தங்கத்துக்கு மட்டும் ஆறேமுக்கால் லட்சம். இன்றைய விலையில் போட்டுப் பார்க்காதீர்கள், தலை சுற்றும்.

எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் என்று ஒன்று உண்டு என்பதை அப்போதுதான் நான் கேள்விப்பட்டேன். பெயர்தான் ஏற்றுமதி, கப்பலேற்றுகிற வியாபாரிகளுக்கானது என்று நினைத்து நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சொந்த உபயோக நகையை எடுத்துக்கொண்டு இந்தியாவை விட்டு வெளியே போக உச்சவரம்பு எதுவும் கிடையாது. சிக்கல் திரும்பி வரும்போதுதான். உள்ளே வருகிற தங்கம் இங்கிருந்து போன தங்கமா, வெளியே வாங்கிய தங்கமா என்று அதைப் பார்த்து எப்படிச் சொல்வது? அதனால் போகும்போதே சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி, இன்னின்ன நகை, இவ்வளவு எடை, இவர் எடுத்துப் போகிறார் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். கட்டாயம் இல்லை. கேட்பவருக்குக் கிடைக்கும். கேட்கிறவர்கள்தான் குறைவு.

அதற்கு முன்னால் ஒரு மதிப்பீட்டாளரிடம் போனோம். அவர் ஒவ்வொரு நகையையும் தராசில் வைத்தார், கல் எடையைத் தனியாகக் கழித்தார், பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துப் படம் பிடித்தார். ஆரத்தின் பதக்கத்தில் ஒரு சிவப்புக் கல் விழுந்து வேறு கல் வைத்திருந்ததைக்கூட எழுதிக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் பெரியம்மாவின் கழுத்தைப் பார்த்தார்.

"தாலிக்கொடியையும் எழுதிடலாமாம்மா?"

பெரியம்மாவின் கை தானாகப் புடவைத் தலைப்புக்குப் போனது. என்னைத்தான் பார்த்தாள். "தாலியையும் எழுதணுமா? அது நகையாடா?"

மதிப்பீட்டாளரும் பெரியம்மா பக்கம் சாய்ந்துவிட்டார். "கழுத்துல கெடக்கறத யாரு கேக்கப் போறா, விடுங்க தம்பி." கழற்றி எடை போட வேண்டுமே என்ற சங்கடம் எனக்கும் இருந்தது. ஆடிப்பெருக்கு முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் தாலி பிரித்துக் கோத்து, புதிதாக இரண்டு குண்டு சேர்த்திருந்தாள். மறுபடி கழற்றச் சொல்ல வாய் வரவில்லை. விட்டேன். 24 பவுனில் 17 பவுனுக்கு மட்டும் காகிதம் தயாரானது.

சென்னையில் நாலரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தோம். அதிகாரி இளைஞர், பொறுமைசாலி. டப்பாக்களைத் திறந்து, படத்தோடு ஒப்பிட்டு, எடை சரிபார்த்து எழுதிக் கொடுத்தார். "வரும்போது இதே பொருள், இதே பேப்பர். ரெண்டும் சேர்ந்து வரணும்" என்றார். அந்த வாக்கியத்தை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

விமானம் ஏறும் வாசலில் முதல் அதிர்ச்சி. விமானம் நிரம்பிவிட்டது, மேலே பெட்டி வைக்க இடம் இல்லை, சக்கரம் வைத்த கைப்பெட்டிகளை எல்லாம் கீழே சரக்கறைக்கு அனுப்புகிறோம் என்று ஊழியர் வரிசையாக அட்டை கட்டிக்கொண்டு வந்தார். பெரியம்மாவின் ஆரமும் நெக்லஸும் அந்தக் கைப்பெட்டிக்குள், பட்டுப் புடவை மடிப்பில் இருந்தன. 'கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்' என்று எல்லோரும் சொல்கிறார்கள்; கைப்பெட்டி வேறு, கைப்பை வேறு என்று யாரும் சொல்வதில்லை. வாசலிலேயே தரையில் உட்கார்ந்து, பின்னால் நிற்பவர்கள் முறைக்க முறைக்கப் புடவையைப் பிரித்து நகையை எடுத்தோம். அப்படியே போயிருந்தால்? விமானங்களில் தொலையும் பெட்டிக்கு இழப்பீடு மாண்ட்ரீல் உடன்படிக்கைப்படி ஒரு வரம்புக்கு உட்பட்டது. அந்த வருடக் கணக்கில் அது 1,131 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியம் வைத்திருக்கும் ஒரு கணக்கு அலகு), நம் பணத்துக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் போல. இப்போது 1,519 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். அதையும் பெட்டியில் நகை வைத்தவருக்குக் கொடுக்க விமான நிறுவனங்கள் லேசில் ஒத்துக்கொள்வதில்லை. விலையுயர்ந்த பொருளைப் பெட்டியில் வைக்காதே என்று டிக்கெட்டோடு வரும் நிபந்தனைகளிலேயே இருக்கும். மீதிப் பயணம் முழுக்க எட்டுப் பவுனும் பெரியம்மாவின் இடுப்புச் சுருக்குப்பையில்தான் இருந்தது. தூங்கவே இல்லை.

லண்டனில் இறங்கியபோது நகையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் அத்தான் முதலில் கேட்டதே அதைத்தான். அந்த ஊரில் 'ஏஷியன் கோல்டு' என்று ஒரு பேச்சு உண்டு. இந்திய, இலங்கை, பாகிஸ்தான் வீடுகளில் 22 காரட் தங்கம் இருக்கும், தலைமுறை தலைமுறையாக இருக்கும் என்று திருடர்களுக்குத் தெரியும். அதற்கென்றே வீடு பார்த்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். தீபாவளி, கல்யாண சீசன் நெருங்கினால் போலீஸே எச்சரிக்கை கொடுக்கும். கல்யாணத்தன்று வீடு காலி என்பது தெருவுக்கே தெரியும். வாசலில் வாழைமரம் கட்டி நாமே விளம்பரம் செய்துவிடுகிறோம். பெரியம்மாவோ வந்த அன்றைக்கே நகை டப்பாவை அரிசி மூட்டைக்குள் புதைத்துவிட்டாள். "இங்கதான் அத்த முதல்ல கைய விடுவாங்க" என்றார் அத்தான். அவருடைய நண்பர் வீட்டில் அரிசியைத் தரையில் கொட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்களாம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஆரத்தையும் நெக்லஸையும் பெரியம்மா போட்டிருந்தது மொத்தம் ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரத்துக்காக நாங்கள் ஆறு பேர் ஐந்து வாரம் மாற்றி மாற்றிக் காவல் இருந்தோம்.

பிறகு பர்மிங்காம் பக்கம் டிவிடேலில் உள்ள பாலாஜி கோயிலுக்குப் போய், ஓர் இரவு ஓட்டலில் தங்கினோம். அறையில் சின்ன இரும்புப் பெட்டகம் இருந்தது. அதில் நகையை வைத்துப் பூட்டியதும் பெரியம்மாவுக்கு ஒரு நிம்மதி. கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அறிவிப்பை நான் படித்தேன். 1956-ம் வருட ஓட்டல் உரிமையாளர்கள் சட்டம்: விருந்தினர் பொருள் தொலைந்தால் ஓட்டல்காரரின் பொறுப்பு ஒரு பொருளுக்கு 50 பவுண்டு, மொத்தமாக 100 பவுண்டு. ஊழியரின் தவறால் போனால், அல்லது பாதுகாக்கச் சொல்லி ஓட்டல் நிர்வாகத்திடமே ஒப்படைத்திருந்தால்தான் அந்த வரம்பு பொருந்தாது. நூறு பவுண்டுக்கு அன்றைக்கு ஒரு மூக்குத்தி வரும். நான் பெரியம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நகையைக் கீழே வரவேற்பு மேசையில் கொடுத்து ரசீது வாங்கினேன். பெட்டகம் பழுது என்று ஒரு பொய் சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் வெளிநாட்டில் நகைக்கு வரக்கூடிய ஆபத்து என்று நாம் பயப்படுகிற விஷயங்கள். ஒன்றுகூட நடக்கவில்லை. நடந்தது வேறு.

ஊர் திரும்ப நான்கு நாள் இருக்கும்போது, சம்பந்தியம்மா பெரியம்மாவை கிரீன் ஸ்ட்ரீட்டுக்கு அழைத்துப் போனார். கிழக்கு லண்டனில் நம் ஊர் மாதிரி நகைக்கடை வரிசை உள்ள தெரு அது. நான் கூடப் போகவில்லை. சாயங்காலம் பெரியம்மா கையை நீட்டிக் காட்டினாள். பழைய வளையல் ஆறில் இரண்டு நெளிந்திருந்ததல்லவா, அதைக் கொடுத்துவிட்டுப் புதுசாக இரண்டு வாங்கிவிட்டாள். கனமாக, கட்டிங் போட்டு, பளபளவென்று. ஒன்று பன்னிரண்டு கிராம். சம்பந்தி முன்னால் பேரம் பேசக் கூச்சப்பட்டு, 20 சதவீத வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி, சேர்ந்த விலையை அப்படியே கொடுத்திருந்தாள். வெளிநாட்டுப் பயணிக்கு அன்றைக்கு அந்த வரியைத் திரும்பப் பெற வழி இருந்தது, அந்தப் படிவத்தையும் கேட்டு வாங்கவில்லை.

நான் சர்டிபிகேட்டை எடுத்தேன். வளையல் 6, எடை 48 கிராம் என்று இருந்தது. இப்போது கையில் இருந்தது வளையல் 6, எடை 56 கிராம்.

"ஆறு போச்சு, ஆறு வந்துருக்கு. கணக்கு சரியாத்தானேடா இருக்கு?" என்றாள்.

இந்த இடத்தில்தான் இந்த நிகழ்வே இருக்கிறது. அந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் நம் வீடுகளில் தங்கம் அப்படித்தான் புழங்குகிறது. பாட்டியின் காப்பு அம்மாவின் செயின் ஆகும், செயின் பெண்ணின் ஆரமாகும். உருவம் மாறும், தங்கம் ஒன்றுதான். தட்டானிடம் கொடுத்து அழித்துச் செய்தால் அது 'அதே நகை' என்றுதான் சொல்வோம். சுங்கத்துக்கு அப்படி இல்லை. அந்தச் சான்று தங்கத்துக்குக் கொடுத்தது அல்ல, குறிப்பிட்ட அந்தப் பொருளுக்குக் கொடுத்தது. "இதே பொருள், இதே பேப்பர்." பழைய வளையல் லண்டனில் விற்கப்பட்டுவிட்டது, புது வளையல் லண்டனில் வாங்கப்பட்டது. சட்டத்தின் கண்ணில் இரண்டும் தனித்தனி வியாபாரம்.

எண்ணிக்கை சரியாக இருப்பதால், வரி கட்ட எதுவும் இல்லை என்கிறவர்கள் போகிற பச்சை வழியில் பேசாமல் நடந்துவிடலாமே என்று வீட்டில் ஒரு ஓட்டெடுப்பே நடந்தது. நான் தவிர எல்லோரும் அந்தக் கட்சி. அப்போது அத்தான் வளையலைக் கழற்றச் சொல்லி வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்புறத்தைப் பார்த்தார். 22 காரட்டைக் குறிக்கும் 916 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எள்ளளவு ஒரு நங்கூரம். பர்மிங்காம் தரச்சோதனை நிலையத்தின் முத்திரை அது. கடலே இல்லாத ஊருக்கு எதற்கு நங்கூரம் என்று கேட்டேன். 1773-ல் அந்த நிலையத்துக்கு அனுமதி வாங்க லண்டன் வந்தவர்கள் கூடிப் பேசிய விடுதியின் பெயரில் நங்கூரம் இருந்தது, அதனால் அதையே முத்திரையாக வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்களாம். கதை எப்படியோ போகட்டும். இந்திய வளையலில் நம் ஊர்த் தர முத்திரையான பி.ஐ.எஸ். முக்கோணம் இருக்கும், இதில் நங்கூரம் இருக்கிறது. எந்த ஊரில் வாங்கியது என்று வளையலே சொல்கிறது. ஓட்டெடுப்பு முடிந்தது.

சென்னையில் இறங்கிச் சிவப்பு வழிக்குப் போனோம். வரி கட்ட வேண்டிய பொருள் இருக்கிறது என்று தானாக வந்து சொல்கிறவர்களுக்கான வழி அது. அந்த நேரத்தில் அங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை. அன்றைக்கு நடப்பில் இருந்தது 2016-ம் வருடப் பயணிகள் உடைமை விதிகள். அதில் நகைக்கு ஒரு சலுகை உண்டு: பெண்களுக்கு 40 கிராம், ஆனால் மதிப்பு ஒரு லட்சத்துக்குள், ஆண்களுக்கு 20 கிராம், ஐம்பதாயிரத்துக்குள். இதை மட்டும் எங்கோ படித்துவிட்டு 'நாற்பது கிராம் வரைக்கும் கேட்க மாட்டார்கள்' என்று நம்புகிறவர்கள் ஏராளம். அது வெளிநாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் வசித்துத் திரும்புகிறவர்களுக்கான சலுகை. ஐந்து வாரம் கல்யாணத்துக்குப் போய் வந்த பெரியம்மாவுக்கு அது இல்லை. அந்த ஒரு லட்சம் வரம்பும் விலையேற்றத்தில் கேலிக்கூத்தாகிவிட்டது. 2025 ஏப்ரலில் பவுன் 70,000 ரூபாயைத் தாண்டியபோது, ஒரு லட்ச ரூபாய்க்கு ஒன்றரைப் பவுன்கூட வரவில்லை. 40 கிராம் என்பது காகிதத்தில்தான் இருந்தது. விதிகளை அவ்வப்போது திருத்துகிறார்கள், ஆகவே கிளம்பும் வாரத்தில் சுங்க வாரியத்தின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் இங்கே சொல்வது 2019 கணக்கு.

அதிகாரி சர்டிபிகேட்டில் இருந்த நகைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஆரத்தில் மாற்றி வைத்த சிவப்புக் கல்லைத் தேடிப் பார்த்துத் தலையாட்டினார். அந்த மதிப்பீட்டாளரை அன்றைக்கு மனசுக்குள் கும்பிட்டேன். நான்கு பழைய வளையல்களும் தேறின. புது வளையல் இரண்டையும் கடை பில்லோடு தனியாக வைத்தார். வரி உண்டு, கட்டிவிட்டு எடுத்துப் போகலாம் என்றார். பயணிகள் உடைமைக்கு அன்றைய பொது விகிதம் 38.5 சதவீதம். கட்டிய தொகையைச் சொன்னால் பெரியம்மா இன்றும் என்னைத்தான் திட்டுவாள், ஆகவே விடுங்கள். அந்த இரண்டு வளையலின் செய்கூலியைவிட அதிகம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் நடந்து, பிடிபட்டிருந்தால் கணக்கே வேறு: 1962-ம் வருடச் சுங்கச் சட்டப்படி பொருள் பறிமுதல், மேலே அபராதம், மீட்பதற்குத் தனித் தொகை, அப்புறம் விசாரணை, விளக்க நோட்டீஸ் என்று மாதக்கணக்கில்.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தபோது அவர் பேனாவை மூடாமல் கேட்டார். "அம்மா கழுத்துல இருக்கறது லிஸ்ட்ல இல்லையே?"

பெரியம்மா பதில் சொல்லவில்லை. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். வளையலுக்கு வாதாடிய ஆள், தாலிக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியப்பாவின் முகம் சிவந்துவிட்டது. நான் போனைத் துழாவினேன். திருக்கடையூரில் பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது எடுத்த ஆல்பத்தை முன்பு ஒருமுறை படம் பிடித்து வைத்திருந்தேன். அதில் ஒரு படத்தில் இதே கொடி, இதே முகப்பு, தெளிவாக இருந்தது. அதிகாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்தார், போனைத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த தடவை இதையும் எழுதி வாங்கிடுங்கம்மா." அவ்வளவுதான். அவர் நல்ல மனிதர். ஆனால் அந்தக் கொடியின் 56 கிராம் தங்கம் வீட்டுக்கு வந்தது அவருடைய நல்ல மனசாலும் ஒரு பழைய போட்டோவாலும்தான், சட்டத்தால் அல்ல. அந்த 2016 விதிகள் 'சொந்த உபயோகப் பொருள்' என்பதற்குக் கொடுத்த விளக்கத்திலேயே 'நகை இதில் சேராது' என்று இருந்தது.

பெரியம்மா கேட்ட கேள்வியை, "அது நகையாடா?", பிற்பாடு ஓர் உயர் நீதிமன்றமே எடுத்துக்கொண்டது. 2023 டிசம்பர் இறுதியில் இலங்கையைச் சேர்ந்த புதுமணப்பெண் ஒருவர் கணவர் வீட்டாரோடு கோயில்களுக்குப் போக வந்தபோது, இதே சென்னை விமான நிலையத்தில் அவருடைய 11 பவுன் தாலிக்கொடியைச் சுங்கத்தினர் கழற்றி வாங்கி வைத்துவிட்டார்கள். அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது. புதிதாகக் கல்யாணமான பெண் 11 பவுனில் தாலிக்கொடி போட்டிருப்பது நம் வழக்கத்தில் சாதாரணம்தான், அந்த வழக்கத்தை அதிகாரிகள் மதிக்க வேண்டும் என்று தனி நீதிபதி சொல்லி, நகையைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். அந்தச் செய்தியைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஜெயித்துவிட்டதற்குச் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "ஒரு வருஷம் அந்தப் பொண்ணு கழுத்துல எதப் போட்டுக்கிட்டு இருந்துச்சோ" என்றாள்.

அவள் பிடித்ததுதான் சரியான இடம். இதற்கு முன்னாலும் ஒரு பெரிய வழக்கு உண்டு. 2002-ல் வெளிநாட்டில் வசிக்கும் இந்திய வம்சாவளிப் பயணி ஒருவர் டெல்லியில் இறங்கியபோது ஒரு கோடிக்கு மேல் மதிப்புள்ள நகைகளைப் பிடித்தார்கள். விலை அதிகம் என்ற ஒரே காரணத்தால் சுற்றுலாப் பயணியின் நகை சொந்த உபயோகப் பொருள் இல்லை என்றாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017-ல். இரண்டு வழக்கிலும் நகைக்குச் சொந்தக்காரர்தான் ஜெயித்தார். ஒருவருக்கு ஒரு வருடத்துக்கு மேல், இன்னொருவருக்கு பதினைந்து வருடம். இரண்டு பேருமே வெளிநாட்டிலிருந்து வந்து திரும்பிப் போகிறவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். இங்கேயே குடியிருந்து போய் வருகிற பெரியம்மா மாதிரி ஆட்களுக்கு, கிளம்பும்போது வாங்குகிற அந்த ஒரு தாள் இந்தத் தீர்ப்புகளைவிடச் சீக்கிரம் வேலை செய்யும்.

லாக்கரில் விட்டுப் போவதையும் முழு நிம்மதி என்று சொல்ல மாட்டேன். 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, தீயிலோ திருட்டிலோ ஊழியர் மோசடியிலோ லாக்கர் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு வருட வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். மூவாயிரம் வாடகைக்கு மூன்று லட்சம். பெரியம்மாவின் காசுமாலைக்கே அது காணாது. ஆனாலும், லாக்கருக்கு வெளியே ஐந்து வாரம் ஆறு பேர் தூக்கமில்லாமல் காத்ததோடு ஒப்பிட்டால் நான் லாக்கர் பக்கம்தான்.

இரண்டாம் பயணம் 2023 நவம்பரில். அந்தப் பேத்திக்குக் குழந்தை பிறந்து, பெயர் வைக்கும் வைபவம். இந்த முறை பெரியம்மா யாரிடமும் கேட்கவில்லை, தானே பிரித்து வைத்தாள். கழுத்தில் தாலிக்கொடி, காதில் தோடு, மூக்கில் மூக்குத்தி, கையில் பழைய வளையல் இரண்டு. ஆரத்துக்குப் பதில் கவரிங் ஆரம். கடையில் நூறு தடவை திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினாள். மதிப்பீட்டாளரிடம் தாலியைத் தானே கழற்றிக் கொடுத்தாள். அதுவரை கழுத்தில் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். எடை 58 கிராம் என்று எழுதினார்கள். நான்கு வருடத்தில் இரண்டு மாங்காயும் ஒரு காசும் கூடியிருந்தன.

குழந்தைக்கு ஒரு பவுனில் செயின் கொண்டுபோக ஆசைப்பட்டாள். அதில்தான் நான் குறுக்கே விழுந்தேன். போட்டுக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவருகிற நகை வேறு, அங்கேயே கொடுத்துவிட்டு வருகிற நகை வேறு. பரிசுப் பொருளுக்குப் பிரிட்டனில் விமானப் பயணிக்கு 390 பவுண்டு வரைதான் வரி இல்லை. அன்றைக்குப் பவுன் 45,000 ரூபாய்க்கு மேல். 390 பவுண்டு என்பது நாற்பதாயிரம் சொச்சம். ஒரே ஒரு பவுன் செயின் வரம்பைத் தாண்டிவிடுகிறது. அரைப் பவுனில் காப்பு வாங்கி, பில்லைக் கூடவே வைத்துக்கொண்டு, மீதியை அக்கா கணக்கில் போட்டோம். பாட்டியாக அவளுக்கு அது குறைதான். மறைக்கப் போவதில்லை. வைபவத்தில் எல்லோரும் ஆரத்தைப் பார்த்து "புதுசா பாட்டி?" என்று கேட்டபோது அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டதை நான் வீடியோ அழைப்பில் பார்த்தேன்.

திரும்பி வரும்போது சென்னையில் யாரும் எதையும் கேட்கவில்லை. சர்டிபிகேட்டை உறையை விட்டு எடுக்கவே இல்லையாம். "இதுக்கா என் தாலியக் கழட்டச் சொன்ன?" என்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சண்டை.

கிரீன் ஸ்ட்ரீட் வளையல் இரண்டும் லாக்கரில் இருக்கின்றன. கடை பில், வரி ரசீது இரண்டையும் மடித்து அவற்றுக்குள் செருகி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறாள். பேத்தி அடுத்த முறை ஊருக்கு வரும்போது கொடுத்துவிடலாமே என்று பெரியப்பா சொன்னார். பெரியம்மா யோசித்தாள். "அதுக்கும் பேப்பர் எழுதணுமான்னு அவன்ட்ட கேளுங்க."